சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

பாகூர் கொம்யூனில் மருந்துக்கடை வைத்திருக்கிறவளுக்கு இரண்டு அரசாங்கத்து ஜனங்களும் வாடிக்கையாளர்கள். கடைக்கு உரிமம் தந்தது புதுச்சேரியின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களில் பலருடைய ரேஷன் அட்டை கடலூர் மாவட்டத்தினுடையது. குருவிநத்தம், சோரியாங்குப்பம் பக்கம் தென்பெண்ணையைக் கடந்தால் தமிழ்நாடு. முள்ளோடையைத் தாண்டினாலும் தமிழ்நாடு. வில்லியனூர்ப் பக்கம் இன்னும் சிக்கல். விழுப்புரம் சாலையில் அரியூர் முடிந்ததும் கண்டமங்கலம் தமிழ்நாட்டுக்குப் போய்விடும், அதைத் தாண்டினால் மதகடிப்பட்டு மறுபடியும் புதுச்சேரி.

இந்த எல்லை என் தொழிலுக்குக் குறுக்கே வந்து நின்ற நாட்களைப் பற்றி எழுத வேண்டும். அதைவிட முக்கியமாக ஒரு நோட்டைப் பற்றி எழுத வேண்டும். 2014 மார்ச் 1 முதல் நாட்டிலுள்ள ஒவ்வொரு சில்லறை மருந்துக்கடையும் எழுதி வைக்க வேண்டிய எச்1 பதிவேடுதான் அது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு விதிகள் எத்தனையோ முறை மாறியிருக்கின்றன. எங்கள் ஊர் ஜனங்களின் உடம்புக்கு நேராக நன்மை செய்தது அந்த நோட்டு ஒன்றுதான் என்று உறுதியாக நம்புகிறேன். அதை எழுத வைத்தவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தொண்ணூறுகளில் டி.ஃபார்ம் முடித்து, பதிவும் செய்துகொண்டு, வில்லியனூரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். திருக்காமீசுவரர் கோயில் தேரோடும் வீதிக்குப் பக்கத்தில் கடை. சட்டம் என்று பார்த்தால் அப்போதே எல்லாம் இருந்தது. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம், 1945 விதிகள், 1948 ஃபார்மசி சட்டம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பகுதிக்கு மருந்துச் சட்டம் வந்தது மட்டும் 1963 அக்டோபர் 1ஆம் தேதி. ஷெட்யூல் எச் மருந்து எதையும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது பழைய விதி. சீட்டுக்கு மருந்து கொடுக்கும்போது பதிவு பெற்ற மருந்தாளுநர் கண் பார்வையில்தான் கொடுக்க வேண்டும். கடை குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்க வேண்டும், ஃபிரிட்ஜ் இருக்க வேண்டும். இவற்றில் கடை அளவும் ஃபிரிட்ஜும் எல்லாக் கடையிலும் ஒழுங்காக இருந்தன. ஆய்வுக்கு வருகிறவர் கண்ணுக்கு முதலில் தெரிவது அவைதான்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வந்த பெண்கள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார்கள். "இடுப்பு வலி உயிர் போவுது பாப்பா, ஒரு செட்டு குடு." செட்டு என்றால் ஒரு வலி மாத்திரை, ஒரு அல்சர் மாத்திரை, கூடவே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அந்தச் சின்ன மாத்திரைதான் ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ இருக்கும். அட்டையிலிருந்து வெட்டிக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தால் மருந்தின் பெயரும் தெரியாது, எக்ஸ்பைரியும் தெரியாது. மறுநாள் விடிந்ததும் வலி பறந்துவிடும். பசி எடுக்கும், உடம்பு தெளிவாக இருக்கிற மாதிரி தோன்றும். அதனால்தான் மறுபடி வருவார்கள். மாதக்கணக்கில் தின்றவர்களுக்கு முகம் உப்பிச் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ஒருநாள் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஸ்டீராய்டு போட மாட்டேன் என்று நான் மறுத்தேன். "அந்தாண்ட கடையில குடுக்கறாங்களே, நீ இன்னா பெருசா படிச்சிட்ட?" என்று கேட்டார்கள். சட்டம் என் பக்கம்தான் இருந்தது. ஆனால் அதை யாரிடமும் எடுத்துக் காட்ட முடியவில்லை. எந்தக் கடையில் யாருக்கு எத்தனை செட்டு போனது என்பதற்கு எங்கேயும் ஒரு வரிகூடக் கிடையாது. எழுதாத விற்பனையை எந்த அதிகாரியும் பிடிக்க முடியாது. எந்த டாக்டரும் அந்தப் பெண்ணின் முகம் ஏன் உப்பியது என்று கண்டுபிடிக்க முடியாது. கேட்டால் "கை கால் வலிக்கு மாத்திரை தின்னேன்" என்பார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

பிறகு பாகூர்ப் பக்கம் சொந்தமாகக் கடை வைத்தேன். அந்த ஆண்டுகளில் நான் பார்த்த சட்ட மாற்றம் என்றால் பெரும்பாலும் தடைதான். 2011 பிப்ரவரியில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமசுலைடு கூடாது என்றார்கள். எங்கள் ஊர்த் தாய்மார்களுக்கு அந்த மருந்தின் மேல் பெரிய நம்பிக்கை, ஏனென்றால் காய்ச்சல் சட்டென்று இறங்கும். கல்லீரலைக் கெடுக்கும் என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லி பாராசிட்டமாலுக்கு மாற்றினேன். 2013 ஜூனில் சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோனைத் தடை செய்தார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரலாம் என்ற ஐயம். ஜூலை 31ஆம் தேதி, எச்சரிக்கை வாசகத்தோடு விற்கலாம் என்று திரும்ப அனுமதித்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "போன மாசம் ஆகாதது இந்த மாசம் எப்படிம்மா ஆகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மருந்தால் வரும் ஆபத்தையும் கிடைக்கும் பயனையும் எடை போட்டு நிபுணர்கள் மறுபடி முடிவெடுத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து வேறு மாத்திரைக்கு மாறிவிட்டார்.

எல்லாவற்றிலும் பெரியது 2016 மார்ச் 10ஆம் தேதி வந்தது. ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து விற்கும் 344 கலவைகளுக்கு ஒரே நாளில் தடை. கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின, டிசம்பரில் தடை ரத்தானது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபுணர்களை மறுபடி ஆராயச் சொன்னது. 2018 செப்டம்பரில் 328 கலவைகளுக்குத் தடை வந்தது, அதே மாதம் சாரிடானுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்கால விலக்கு தந்தது. இந்த இரண்டரை ஆண்டும் பெட்டியை அலமாரியிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தோம். அர்த்தமில்லாத கலவைகளை ஒழிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2024 ஆகஸ்டில் மேலும் 156 கலவைகளைத் தடை செய்தபோதும் வரவேற்றேன். ஆனால் கவுண்டரில் நின்று பார்த்தால், தடை வந்த பெட்டி போய் அதே வேலையைச் செய்யும் வேறு பெயர்ப் பெட்டி வரும். ஜனங்கள் மருந்து கேட்கிற விதம் மாறாது.

இந்த அறிவிப்புகள் எங்களுக்கு வந்து சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். முன்பெல்லாம் ஸ்டாக்கிஸ்ட் கடையிலிருந்து சரக்கு கொண்டு வரும் பையன் ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டுவான். இப்போது வாட்ஸ்அப். கிராமத்துப் பெண்ணுக்கு அவளுடைய மாத்திரை ஏன் இல்லை என்பதைத் தமிழில் சொல்லும் வேலை முழுக்க என்னுடையது. அந்த வேலையை நான் சுமையாக நினைக்கவில்லை. அதற்கு வேண்டிய தாளைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க ஒரு துறையும் முன்வரவில்லை என்பதுதான் வருத்தம்.

இனி அந்த நோட்டு. 2013 ஆகஸ்ட் 30ஆம் தேதி அறிவித்து, ஆறு மாதம் அவகாசம் தந்து, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். மொத்தம் 46 மருந்துகள். செஃபிக்சிம், செஃப்போடாக்சிம், லிவோஃப்ளாக்சசின், மெரோபெனம் போன்ற வலுவான ஆன்டிபயாட்டிக்குகள். ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் முதலிய காசநோய் மருந்துகள். அல்பிரசோலாம், டயசிபாம், டிரமடால், கோடீன் என்று பழக்கமாகிவிடக் கூடியவை. அட்டையின் இடது மூலையில் சிவப்பில் ஆர்எக்ஸ் குறி இருக்கும், சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். விற்கும்போது டாக்டரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை கொடுத்தோம் என்று தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று ஆண்டு வைத்திருந்து, ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும்.

முதல் சில மாதங்கள் ஊரே என்மேல் கோபப்பட்டது. "எம் பேர எதுக்கும்மா எழுதற? நான் இன்னா கேஸா?" என்று ஒரு பெரியவர் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார். பெயர் எழுதினால் போலீசுக்குப் போய்விடும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. சில கடைகளில் ராத்திரி கடை சாத்தியபின் உட்கார்ந்து, ஒரே பேனாவில், ஒரே மூச்சில், தோன்றிய பெயர்களை எழுதி நிரப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் ஆள் எதிரில் நிற்கும்போதே எழுதினேன். எழுதிக்கொண்டே கேட்பேன். எத்தனை நாளாகக் காய்ச்சல்? போன தடவை வாங்கினதை முழுசாகத் தின்றீர்களா? பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டால் ஜனங்கள் பதில் சொல்கிறார்கள். சும்மா கேட்டால் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று நினைக்கிறார்கள்.

ஒரு வருட நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது தெரிந்தவை எனக்குத் தூக்கம் வராமல் செய்தன. ஐந்து நாளைக்கு எழுதிய செஃபிக்சிமை இரண்டு நாளைக்கு மட்டும் வாங்கிப் போனவர்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தார்கள். கூலி அன்றன்றைக்கு வருகிற வீட்டில் பத்து மாத்திரைக்குக் காசு சேர்ந்தாற்போல் இருக்காது. காய்ச்சல் நின்றதும் மீதிக்கு வர மாட்டார்கள். பாதியில் விட்ட ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும் என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறேன். அது எந்தெந்தத் தெருவில் நடக்கிறது என்பதை அந்த நோட்டுதான் காட்டியது. அன்றிலிருந்து அப்படிப்பட்டவர்களுக்கு முழு அளவையும் கடனுக்குக் கொடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

இன்னொரு பெயர் சில நாட்களுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. ஒரு பெண்மணி, அல்பிரசோலாம், ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் சீட்டு. புருஷன் இறந்த பிறகு தூக்கம் வராமல் ஆரம்பித்தது. எவரும் அவளை ஏமாற்றவில்லை, அவளும் எவரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு டாக்டரும் தன் சீட்டை மட்டும்தான் பார்த்தார். எல்லாச் சீட்டும் வந்து சேர்ந்த இடம் என் கடை. நோட்டைத் திறந்து அவளிடமே காட்டினேன். அவளையும் அவள் தங்கையையும் ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு அனுப்பி வைத்தேன். அங்கே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

போலி டாக்டர்களையும் அந்த நோட்டுதான் வெளியே கொண்டுவந்தது. டாக்டர் தன் பதிவு எண்ணைச் சீட்டில் போட வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. டாக்டரின் பெயரும் முகவரியும் எழுதப் போனால்தான் சீட்டில் அவை இல்லை என்பது கண்ணில் படும். ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து எழுதினால் அது அலட்சியமே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் பூனம் வர்மா வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பு எங்கள் பக்கத்துச் சின்னச் சின்ன கிளினிக்குகளை எட்டவே பல வருடம் ஆனது. எட்டியது என்றால், பெயரில்லாத சீட்டுக்கு மருந்து தர மாட்டேன் என்று சொல்லும் கடைகள் வழியாகத்தான்.

விதியில் ஓட்டை இல்லாமலும் இல்லை. எங்கள் ஊரில் வாயைத் திறந்து பெயர் சொல்லிக் கேட்கும் ஆன்டிபயாட்டிக் அசித்ரோமைசினும் அமாக்சிசிலினும்தான். இரண்டும் அந்த 46 மருந்துகளில் இல்லை. சீட்டு வேண்டும் என்ற பழைய ஷெட்யூல் எச் விதி மட்டும் அவற்றுக்கு உண்டு, பெயர் எழுதும் கட்டாயம் கிடையாது. 2016இல் மத்திய அரசு சிவப்புக் கோடு போட்ட மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தின்னாதீர்கள் என்று பிரசாரம் செய்தது. நல்ல யோசனை. அட்டையை வெட்டிக் கொடுக்கும் ஊரில் கோடு பாதி நேரம் கடையிலேயே தங்கிவிடும். கேரளத்தில் 2024 தொடக்கத்தில் ஆபரேஷன் அம்ரித் என்று சீட்டில்லாத ஆன்டிபயாட்டிக் விற்பனையை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையாகப் பிடிக்க ஆரம்பித்தது. எங்கள் ஒன்றியப் பிரதேசத்தின் மாஹே அந்தக் கேரளத்துக்குள்தான் இருக்கிறது. அதே கண்டிப்பு பாகூருக்கும் வர வேண்டும் என்று விரும்புகிறேன். அசித்ரோமைசினை எழுத வைத்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நானாகத்தான் இருப்பேன். இப்போதே அதை நான் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதித்தான் வருகிறேன்.

2018இல் அந்த நோட்டுக்கு இன்னொரு வேலையும் வந்தது. காசநோய் கண்டவர்களைத் தனியார் டாக்டர்களும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 மே மாதத்து உத்தரவு. 2018 மார்ச் 16ஆம் தேதி அறிவிப்பில் மருந்துக்கடைகளையும் சேர்த்தார்கள். தெரிவிக்காவிட்டால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 269, 270 பிரிவுகள் பாயலாம் என்றார்கள். இரண்டாவது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. தண்டனையைப் பார்த்துப் பல கடைகள் காசநோய் மருந்து வைப்பதையே விட்டுவிட்டன. எனக்கு அது சரியாகப் படவில்லை. கடையில் மருந்து இல்லையென்றால் நோயாளி கடலூருக்குப் போய் வாங்குவார், வழியில் நாலு நாள் விட்டுப்போகும்.

காசநோய் என்றால் எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சு நின்றுபோகும். ஒரு பெண்ணின் அண்ணன் வருவார், தங்கைக்கு என்று சொல்ல மாட்டார், "தெரிஞ்சவங்களுக்கு" என்பார். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மருந்து இலவசம் என்பது அவருக்குத் தெரியும். அங்கே போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயம். நோட்டில் எழுதினேன். எழுதியதை யாரிடம் சொல்லப் போகிறேன், எதற்காகச் சொல்லப் போகிறேன் என்றும் மறைக்காமல் சொன்னேன். அரசின் காசநோய்ப் பதிவான நிக்ஷயில் பெயர் ஏறினால் சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். வீட்டில் உள்ள மற்றவர்களையும் சோதித்துப் பார்ப்பார்கள். அந்த அண்ணன் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, "எழுதிக்குங்க அக்கா, ஆனா வீட்டுக்கு வர்றவங்க வண்டியில போர்டு இல்லாம வரச் சொல்லுங்க" என்றார். சுகாதார நிலையத்தில் சொன்னேன். அப்படியே வந்தார்கள். தண்டனைப் பிரிவு செய்யாத வேலையை அந்தச் சின்ன ஏற்பாடு செய்தது.

இப்போது எல்லைக்கு வருகிறேன். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு. முள்ளோடையில் தடுப்பு. மார்ச் 26ஆம் தேதி மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. சீட்டை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். நாள்பட்ட நோய் என்றால் எழுதிய 30 நாளுக்குள், திடீர் நோய் என்றால் 7 நாளுக்குள் சீட்டு வந்து சேர வேண்டும். அவசரக் காலத்துக்கு மிகவும் பொருத்தமான உத்தரவு. அதில் ஒரு நிபந்தனை: கடை எந்த வருவாய் மாவட்டத்தில் இருக்கிறதோ அதே மாவட்டத்துக்குள்தான் கொண்டுபோக வேண்டும்.

பெரிய மாவட்டங்களை மனதில் வைத்து எழுதியவர்களுக்கு பாகூர் நினைவுக்கு வந்திருக்காது. என் கடைக்கு வருவாய் மாவட்டம் புதுச்சேரி. அதன்படி வடக்கே மண்ணாடிப்பட்டுக் கொம்யூன் வரைக்கும் நான் மருந்து அனுப்பலாம். போகிற வழியில் தமிழ்நாட்டைக் கடக்க நேரலாம், அது வேறு விஷயம். ஆற்றுக்கு அந்தக் கரையில், என் கடை விளக்கு தெரியும் தூரத்தில் உள்ள வீட்டுக்குக் கூடாது. அங்கே ஒரு தாத்தா, இதய நோய்க்காரர், மாதாமாதம் என்னிடம்தான் வாங்குவார். "ஆத்துக்கு இந்தாண்ட இருந்தா எனக்கு நெஞ்சு வலிக்காதா பாப்பா?" என்று போனில் கேட்டார். அவர் சீட்டின் படத்தை, அந்தக் கரையில் உரிமம் பெற்ற ஒரு கடைக்காரருக்கு அனுப்பினேன். அவருக்கும் எனக்கும் அதற்கு முன் பழக்கமில்லை. அவர் மருந்தை எடுத்துக்கொண்டுபோய்த் தாத்தா கையில் கொடுத்தார். தன் பக்கத்துக் கர்ப்பிணி ஒருத்தி எங்கள் பக்கத்து அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டபோது அவர் எனக்குச் சீட்டை அனுப்பினார். ஊரடங்கு முழுக்க இப்படியே ஓட்டினோம். இரண்டு பக்கமும் விதி மீறவில்லை, இரண்டு பக்கமும் மருந்து நிற்கவில்லை.

கொரோனா போனபிறகும் அந்த உத்தரவைக் காட்டித்தான் ஆன்லைன் மருந்து வியாபாரம் வளர்ந்தது என்று எங்கள் சங்கங்கள் சொல்கின்றன. ஆன்லைன் மருந்தகங்களுக்கான வரைவு விதிகள் 2018 ஆகஸ்டில் வந்தன, இறுதி வடிவம் பெறவில்லை. எங்களுக்கும் உயர் நீதிமன்றமான சென்னை உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஆன்லைன் விற்பனைக்குத் தடை விதித்தது, 2019 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. தள்ளுபடி விலையில் வாங்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. என் கேள்வி ஒன்றுதான்: செல்போனில் வாங்கும் அல்பிரசோலாமுக்கு எச்1 நோட்டை எழுதுகிறவர் யார், அதைத் திருப்பிப் பார்த்து அந்தப் பெண்மணியிடம் பேசுகிறவர் யார்?

மருத்துவமனைகளுக்கும் இதே எல்லைத் தொல்லைதான். 2010ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் 2012 மார்ச் 1 முதல் நான்கு மாநிலங்களிலும் டெல்லி தவிர்த்த ஒன்றியப் பிரதேசங்களிலும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கு அது கிடையாது, அங்கே 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டம். அதற்கு விதிகள் வந்தது 2018இல்தான். ஒரே டாக்டர் காலையில் இந்தப் பக்கமும் மாலையில் அந்தப் பக்கமும் கிளினிக் வைத்திருந்தால் இரண்டு சட்டத்துக்கும் ஆள்.

நோட்டில் ஏற்றக் கூடாத பேச்சும் ஒன்று உண்டு. கருக்கலைப்பு மாத்திரை பற்றியது. மைஃபிப்ரிஸ்டோனும் மிசோபிரோஸ்டாலும் சேர்ந்த கிட். கருக்கலைப்புச் சட்டப்படி அனுமதி பெற்ற மருத்துவமனையில், தகுதியுள்ள மருத்துவரின் மேற்பார்வையில்தான் பயன்படுத்த வேண்டும் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். "கிட் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். நான் பெண் என்பதால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள், பிறகு அந்தப் பெண்ணே வருவாள். எத்தனை வாரம் என்பதுகூடத் தெரியாமல் தின்று, ரத்தப்போக்கு நிற்காமல் நள்ளிரவில் கதவைத் தட்டியவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

2021 செப்டம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இவர்களுக்குப் பெரிய உதவி. குறிப்பிட்ட நிலைகளில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை இடம் தந்தது. கருத்தடை தவறிய காரணத்தைத் திருமணமானவளுக்கு மட்டும் என்றில்லாமல் எந்தப் பெண்ணும் சொல்லலாம் என்றது. பெண்ணின் அடையாளத்தை மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்றது. 2022 செப்டம்பர் 29ஆம் தேதி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் அந்த 24 வார உரிமை உண்டு என்று தெளிவாக்கியது. இதையெல்லாம் கவுண்டரில் நின்றுகொண்டு ஒரு இருபது வயதுப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருமல் மருந்துக்கு அவள் தெருக்காரர் நிற்பார். அதனால் கடைக்குள் ஒரு ஸ்டூல் போட்டு, திரை ஒன்று கட்டினேன். எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போ, யாரும் உன்னைப் பிடிக்க மாட்டார்கள், உன் பெயரை வெளியே சொல்வதுதான் குற்றம் என்று சொல்லி அனுப்புகிறேன். திரைக்குப் பின்னால் பேசியது எந்த நோட்டிலும் ஏறாது.

கடைசியாக 2025 அக்டோபர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் சுற்றுப்பக்கத்திலும் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாட்டுப் பரிசோதனையில் எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம். அனுமதித்த அளவு 0.1 சதவீதம். 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்குமேல் கொன்று, அங்கே புதிய மருந்துச் சட்டத்துக்கே காரணமான அதே நச்சு. மருந்துக்கு இனிப்பும் குழைவும் தரும் கரைப்பானில் அது கலந்துவிட்டால் நிறத்திலோ வாசனையிலோ கண்டுபிடிக்க முடியாது. சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் தொழிற்சாலை. கடைக்காரியால் சோதிக்க முடியாது. இந்த மாதிரிச் சளி மருந்துக் கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிட 2023 டிசம்பரிலேயே உத்தரவு இருந்தது.

செய்தி வந்த இரவு கொள்முதல் பில்களை எல்லாம் எடுத்துவைத்து, பேட்ச் பேட்ச்சாகப் பார்த்தேன். அந்த மருந்து என் கடைக்கு வந்திருக்கவில்லை. வேறு கம்பெனிகளின் இருமல் மருந்தை எந்தெந்தக் குழந்தைக்குக் கொடுத்தேன் என்பது என்னிடம் இருந்தது, ஏனென்றால் எச்1 நோட்டு பழக்கிய கையால் குழந்தை மருந்துகளையும் எழுதி வந்திருந்தேன். மறுநாள் காலை அந்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்து, நான்கு வயதுக்குக் கீழ் இருந்தால் கொடுக்காதீர்கள், மீதிப் பாட்டிலைக் கொண்டுவாருங்கள் என்றேன். கொண்டுவந்தார்கள். நோட்டு வைக்காத கடைக்காரர்கள் தெருவில் போகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வாளர்கள் என் கடைக்கு வரும்போது எச்1 நோட்டைப் பார்க்கிறார்கள். தேதி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அது அவர்களுடைய வேலை, ஒழுங்காகச் செய்கிறார்கள். நான் கேட்பது அடுத்த படி. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் உள்ள கடைகளின் பதிவுகளை, நோயாளி பெயரை நீக்கிவிட்டு, மாதம் ஒருமுறை சுகாதாரத் துறை வாங்கித் தொகுக்கட்டும். எந்த ஊரில் எந்த ஆன்டிபயாட்டிக் எவ்வளவு போகிறது, எத்தனை பேர் பாதியில் விடுகிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். வில்லியனூர்ப் பக்கத்து ராமநாதபுரத்தில் கிராம சுகாதார மையம் நடத்தும் ஜிப்மரும், கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கத்து மருத்துவக் கல்லூரிகளும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. படித்துப் பார்க்க ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. என் பங்குக்கு ஒவ்வொரு மாதக் கணக்கையும் பெயர் நீக்கி ஒரு தாளில் எழுதி, எங்கள் சுகாதார நிலைய மருத்துவரிடம் கொடுத்துவருகிறேன். சென்ற மாதத் தாளில் அசித்ரோமைசினுக்குக் கீழே அவர் பேனாவால் கோடு போட்டு, இது எந்தத் தெருக்களில் அதிகம் என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். அந்தக் கணக்கைத்தான் இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறேன்.